மீதி ஐம்பத்து மூன்று ஜாயிண்ட்

மம்சாபுரம்
2.2.2026, திங்கள்

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. குவஹாத்தியில் குளிர் குறைந்துவிட்டது என்று போனில் சொன்னாய். இருந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மழையைப் பற்றியும் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை நீ, "யப்பா, இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று சிரித்தாய். இதற்கில்லை. போனில் நீ நடுவில் ஒரு வார்த்தை பேசினால் நான் நிறுத்திவிடுவேன். தாளில் குறுக்கே பேச ஆள் இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ராஜபாளையத்து ஹாஸ்டலில் நான் உன்னிடம் சொன்னது பொய். நீங்கள் உடைத்துப் பார்த்த அந்த ஒரு ஜாயிண்ட்டில் மட்டும் ரிங் விட்டுப்போயிருக்கும், மற்றதில் எல்லாம் இருக்கிறது என்றேன். எதிலும் இல்லை. ஐம்பத்து நான்கு ஜாயிண்ட்டிலும் இல்லை. அந்த ரிப்போர்ட்டை அனுப்பாதே.

விஷயம் இவ்வளவுதான். மீதியைச் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படி.

அன்று நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பொங்கல் கழிந்த வாரம் நீ உன் ஆட்களோடு வந்தாய். ஊருக்கு ஒரு கட்டடம் எடுத்து, நிலம் ஆடினால் அது எவ்வளவு தாங்கும், எவ்வளவு சேதமாகும், எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றாய். ராஜபாளையத்துக்கு நீ எடுத்தது மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல். அதன் கம்பி வேலை முழுக்க என்னுடையது என்பதாலும், டிராயிங் நகல் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்ததாலும் அதையே எடுத்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

நம் ஊரில் எங்கேடா பூகம்பம் வரப்போகிறது என்று வழியில் கேட்டேன். "வரலைன்னா நல்லதுதாம்ப்பா. வந்தா எம்புட்டுப் பேரு வெளிய வருவாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்ல" என்றாய். கீழ்த்தளத்துச் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். ஒரே கட்டடத்துக்கு இரண்டு கணக்கு போட்டிருந்தாய். பில்லரும் பீமும் சேரும் ஜாயிண்ட்டில் டிராயிங்கில் உள்ளபடி நெட்டுக் கம்பியைச் சுற்றி ரிங் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் ஒரு கணக்கு. ரிப்பேர் செலவு, எத்தனை நாள் பூட்டிக்கிடக்கும் என்று என்னென்னவோ கட்டம் கட்டமாக இருந்தது. நான் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தேன். ஹாஸ்டலில் எண்பத்தாறு பேர். ரிங் இருந்தால் சாவு இரண்டு. இல்லாவிட்டால் முப்பத்தொன்று. ஏன் அப்படி என்று நான் கேட்டதற்கு, வைக்கோல் கட்டிலிருந்து கயிற்றை உருவினால் என்ன ஆகும், அதுதான் என்றாய்.

அதாவது, அந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகுதான் நான் பொய் சொன்னேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் சொன்னேன் என்று எனக்காக யாரிடமும் வாதாடாதே.

கான்கிரீட்டுக்குள் கம்பி தேடும் உங்கள் மெஷின் பில்லர் முழுக்க ரிங்கைக் காட்டியது. ஜாயிண்ட்டில் கம்பி நெருக்கம் அதிகம் என்பதால் அங்கே மட்டும் ஒன்றும் பிரித்துச் சொல்லவில்லை. அதனால் பின்பக்கப் படிக்கட்டு ஓரத்தில் ஒரு மூலையை உளியால் கொத்தினீர்கள். உள்ளே நெட்டுக் கம்பி மட்டும் தெரிந்தது. இன்னும் நாலு இடத்தில் கொத்த வேண்டும் என்று நீ கேட்டாய். பெயிண்ட் அடித்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று ஹாஸ்டல் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பி, "யப்பா, மத்ததுல இருக்கா?" என்று கேட்டாய்.

உன் மேடம் வெங்கடேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிற ஊரில் எல்லாம் கட்டினவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை, உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று உன்னிடம் கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு அப்போதும் உன் முகத்தில் இருந்தது. "இருக்கு. இது ஒண்ணுல பயலுக விட்டுருப்பானுக" என்றேன். செய்யாத தப்புக்கு என்னோடு வேலை பார்த்தவர்களையும் இழுத்துவிட்டேன். நீ கையில் இருந்த எழுதும் அட்டையில், ரிங் உள்ளது ஐம்பத்து மூன்று என்று குறித்துக்கொண்டாய். பிறகு எல்லோருக்கும் டீ வந்தது.

ஏன் போடவில்லை என்று கேட்பாய். நீ படித்தவன், உனக்கு இது புரிவது கஷ்டம். பில்லருக்கு நாலு பக்கத்திலிருந்தும் பீம் வந்து சேரும் இடத்தில் ரிங் போட வேண்டுமென்றால், பீம் கம்பி வரும் முன்பே நாலு ரிங்கை உதிரியாகக் கோத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாங்கள் அப்படி வேலை செய்வதில்லை. பீமுக்கான கம்பிக் கூண்டைச் சென்ட்ரிங் பலகை மேலே முட்டுக் கொடுத்து வைத்துக் கட்டி, முட்டுக்கட்டையை உருவி மொத்தமாகப் பீம் பள்ளத்தில் இறக்குவோம். கூண்டு இறங்கினால் ஜாயிண்ட்டுக்குள் கை போகாது. ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு தளத்துப் பதினெட்டுக்கும் ஒரு முழு நாள் போகும். கலவை மெஷின் வந்து நிற்கும். பார்க்க வருகிற இன்ஜினியர் கான்கிரீட் போடும் நாளில் ஓரமாக நின்று, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இருக்கிறதா, குப்பையைக் கூட்டியாகிவிட்டதா என்று கேட்பார். ஜாயிண்ட்டுக்குள் யாரும் குனிந்ததில்லை. ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி எல்லோருக்கும் இதே பழக்கம்தான். அங்கேதான் நாலு பக்கத்துக் கம்பியும் சேருகிறதே, அதற்கு மேல் எதற்கு என்று நினைத்தோம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தோம். அதிகமாகக் கம்பி இருக்கும் இடம்தான் பலமான இடம் என்று முப்பத்தைந்து வருஷம் நம்பினேன்.

நீ போன பிறகு எனக்கு ஒரு சபலம் வந்தது. பாதி ஜாயிண்ட்டிலாவது போட்டிருப்போமோ, எனக்குத்தான் மறந்துவிட்டதோ என்று. நம் கொல்லைக்கு ஆடு வராமல் இருக்க நான் கட்டிய வேலி ரிங்கால் கட்டியதுதானே. அந்த ரிங் எல்லாம் அந்த ஹாஸ்டலில் மிஞ்சியது. டிராயிங்படி கணக்குப் பார்த்து முன்கூட்டியே வளைத்துவிட்டோம். மிஞ்சியதை மேஸ்திரி எடுத்துப் போகட்டும் என்று சைட் சூப்பர்வைசர் சொன்னார். டிவிஎஸ் வண்டியில் நாலு நடை கொண்டுவந்தேன். ஜாயிண்ட்டுக்கு நாலு வீதம் ஐம்பத்து நான்குக்கு இருநூற்றுப் பதினாறு. வேலியில் ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். இருநூற்று மூன்று இருந்தது. பாக்கிப் பதின்மூன்றில் ஒன்று உன் அம்மா புளி உலுக்கும் தொரட்டியில் இருக்கிறது, சிலது துருப்பிடித்து உதிர்ந்து மண்ணில் கிடந்தது. மறுபடி ஒரு தடவை எண்ணினேன். அதே இருநூற்று மூன்று.

எண்ணி முடித்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதலாம், ஆனால் வெட்கமும் வரவில்லை. அது வந்ததும் உனக்குச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன், அதிலேயே பத்து நாள் போய்விட்டது. போன வாரம் கீழத்தெருவில் ஒரு சாவுக்குப் போனேன். எல்லோரும் அழுதார்கள். நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று உன் அம்மா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுகர் கூடியிருக்கும் என்று அவள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

இன்னொரு சங்கதியும் நீ அறிய வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் பங்குனியில் மேலே இன்னொரு மாடி எடுக்கிறார்கள், கூட நாற்பது பேர் தங்கலாம் என்றார். கம்பி வேலைக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை, நீங்கள்தான் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதைச் சனிக்கிழமையே தபாலில் போடலாம் என்று எழுத உட்கார்ந்தேன், இன்று திங்கள் ஆகிவிட்டது. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவள் அந்த ஹாஸ்டலில்தான் சமைக்கிறாள் என்பதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. எங்க வீட்டுக்காரர் கட்டின கட்டடம் என்று புதுசாக வரும் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்வாள். அவளிடம் சொன்ன பிறகு மீதியை எழுதுகிறேன்.

6.2.2026, வெள்ளி

அவளிடம் சொல்வதற்கு முன் இன்னும் ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மடவார் வளாகத்துப் பக்கம் சென்ட்ரிங் குடோன் வைத்திருக்கும் மைதீன் பிச்சையைப் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் பலகை அடித்தது அவர்தான். நான் கேட்டு முடிக்கும் முன்பே, "அண்ணே, ஜாயிண்ட்டுக்கு நீங்க ஒரு ரிங்கும் போடலையே. நாந்தானே உள்ள எறங்கிக் குப்பை அள்ளுனேன். நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னேன். பொறுமையாக ஒரு பலகையில் இருந்த ஆணியைப் பிடுங்கினார். பிறகு, "நான் எதையும் பாக்கலண்ணே. பதிமூணு வருசத்துக்கு முந்தினது யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். அவர் பேரை நீ எதிலும் எழுதாதே. அவருக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நானும் அவரிடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், சொன்னேனே.

அன்று மத்தியானம் உன் அம்மா கூரைச் சாய்ப்பின் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு எண்ணையும் சொன்னேன். அவள் திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கீரையைக் கீழே வைக்காமல், "புள்ளைட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எழுதிக்கிட்டு இருக்கீயளாக்கும்" என்றாள். கீரையைப் பொரியல் வைத்து எனக்குப் போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இன்று போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "எண்பத்தாறு பேருக்கு அவிய அவிய வீட்டுல இருந்தா சோறு வரும்? நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே நானும் போனேன். ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேனோடு பேசுகிற மாதிரி நின்றேன். காலை ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும், புங்கமரத்தடியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டார்கள். சாப்பாட்டு ஹால் காலியாக இருந்தது. என்ன விசேஷம் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். உள்ளே புகை போகிற ஃபேன் ஓடவில்லை, அதனால் அக்கா எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டது என்றான். ஃபேனுக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவே வயரைப் பிடுங்கி விட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மூணு நேரமும் செத்த நேரமாச்சும் வெளிய இருக்கட்டும்" என்றாள். மேனேஜர் எலக்ட்ரீசியனை வரச் சொல்லியிருக்கிறாராம். அவன் வந்து பார்த்துவிட்டால் வேறு என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை.

நேற்று ஒன்று சொன்னாள். இரண்டாவது மாடியில் தங்கியிருக்கும் பிள்ளை ஒன்று, முனீஸ்வரி என்று பேர், ராமநாதபுரம் பக்கத்து ஊர். தட்டைக் கழுவிக்கொண்டே, "ஆச்சி, இங்க உக்காந்து சாப்பிட நல்லாருக்கு. பாயையும் இங்கயே போட்டுக்கிடலாம் போல இருக்கு" என்றதாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அழுவது வாசலில் வேறு யாரோ அழுவது மாதிரி கேட்டது. என்னைப் பற்றி எனக்கே பயமாக இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

கடைசித் தாளைத் தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் பிரித்து மேடத்திடம் கொடு. அதில் எழுதியது இதுதான்:

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா மம்சாபுரத்தில் குடியிருக்கும் பேச்சிமுத்து ஆகிய நான், ராஜபாளையம் மில் ஹாஸ்டல் கட்டடத்தின் கம்பி வேலையை 2012, 2013 ஆகிய வருஷங்களில் என் பொறுப்பில் செய்தேன். மூன்று தளங்களிலும் உள்ள ஐம்பத்து நான்கு ஜாயிண்ட்டுகளில் ஒன்றிலும் ரிங் போடவில்லை. வேலையாட்கள் விட்டுவிடவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். கடந்த மாதம் ஆய்வுக்கு வந்தவர்களிடம் இருக்கிறது என்று நான் சொன்னது பொய். எந்த ஜாயிண்ட்டை வேண்டுமானாலும் கொத்திப் பார்த்துக்கொள்ளலாம். இதே முறையில் நான் வேலை செய்த மற்ற கட்டடங்கள் பின்பக்கம் எழுதப்பட்டுள்ளன."

பின்பக்கத்தில் முப்பத்தெட்டு இடம் எழுதியிருக்கிறேன். ராஜபாளையத்தில் இருபத்திரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொன்று, மிச்சம் சுற்று வட்டாரத்தில். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், மீதி எல்லாம் வீடு. எழுதும்போது அந்தந்த வீட்டுக்காரர்கள் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த வேட்டி துண்டு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். மறுபடி மெஷின் வைத்துப் பார்த்தோம், மெஷின் சொல்லிவிட்டது என்று எழுதிவிட்டு இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாய். அப்படிச் செய்யாதே. மெஷினுக்கு அந்த முப்பத்தெட்டு இடமும் தெரியாது. மேடம் உன்மேல் கோபப்படுவார், அப்பன் பேச்சைக் கேட்டு ரிப்போர்ட் எழுதினாயா என்று கேட்பார். உன் வேலைக்கு இதனால் என்ன கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் ஃபாரத்தில், தகவல் சொன்னவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அன்று நீ அதில் என் பேரை எழுதவில்லை, 'கட்டினவர்' என்று மட்டும் எழுதினாய். இந்தத் தடவை பேரை எழுது. அப்பா என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். பேச்சிமுத்து, கம்பி மேஸ்திரி என்று எழுது.

இதை நாளைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போஸ்ட் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டு, அப்படியே ராஜபாளையம் போய் மாடி வேலைக்கு வர மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வேன். அவர் நம்புவாரோ மாட்டாரோ. முத்திரை போட்ட உங்கள் தாள் வந்தால்தான் அந்தப் பிள்ளைகளை அங்கிருந்து மாற்றுவார்கள். உன் அம்மாவால் சாப்பாட்டைத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. படுக்கையைக் கொண்டுவர அவளால் முடியாது, என்னாலும் முடியாது.

கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிடாதே. முதலில் ரிப்போர்ட்டை நிறுத்து. நிறுத்திவிட்டேன் என்று உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல். என்னோடு பேச உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசு. தோன்றாவிட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

நீ இருப்பது அடிக்கடி நிலம் ஆடும் ஊர். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாய். அதைக் கட்டியவன் யார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் என்னைப் போல் இல்லாமல், ஒழுங்காக வேலை செய்தவனாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறேன். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
பேச்சிமுத்து
கம்பி மேஸ்திரி